ஒரு மதிப்பெண் வினா

எட்டாம் வகுப்பு, அரையாண்டு,
சமூக அறிவியல். நாற்பத்தொரு விடைத்தாள்.
மார்கழிக் கொசு. மின்சாரம் போய்ப் போய் வந்தது.
வினா எண் ஏழு:
பழங்குடியினர் எங்கு வாழ்கின்றனர்?
விடைக்குறிப்பு சொல்வது:
மலைகளிலும் காடுகளிலும்.

நாற்பது பேர் அப்படியே எழுதியிருந்தார்கள்.
அதில் ஆறு பேர்
மழைகளிலும் காடுகளிலும்.
போகட்டும் என்று அரை மதிப்பெண் போட்டேன்.
ஏ. தேசிங்கு மட்டும் எழுதியிருந்தான்:
மூணாவது பெஞ்சு.

தூக்கக் கலக்கத்தில் சிவப்பு மை
தானாகவே ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டது.
அடுத்த தாளைத் திருப்பினேன்.
அதற்கடுத்ததையும்.
பிறகுதான் கை நின்றது.

இந்தத் தாலுகாவில் மலை கிடையாது.
கொள்முதல் நிலையத்தில் நனைந்துகொண்டு கிடக்கும்
நெல்மூட்டை அடுக்குதான் எங்கள் உயரம்.
கோட்டாட்சியர் ஆபீசிலும் அதைத்தான் கேட்டார்களாம்:
“இருளர்னு சொல்ற, மலை எங்கய்யா இருக்கு?
பாம்பு புடிப்பியா? புடிச்சுக் காட்டு.”
தேசிங்கின் அப்பா ஏகாம்பரம் பாம்பு பிடிப்பதில்லை.
இறால் பிடிக்கிறார். வலை இல்லாமல், கையால்.
ஓதம் வடிந்ததும் மார்பளவு இறங்கி
சேற்றை விரலால் படித்துக்கொண்டே போவார்,
ஓலைப் பறியைப் பல்லில் கவ்வியபடி.
வாயில் பறி இருக்கும்போது
எந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது?
மூன்று வருஷமாகச் சான்றிதழ் வரவில்லை.
என் பதிவேட்டின் சாதிக் கட்டத்தில்
அவன் வரிசை மட்டும் பென்சில்.

எனக்குச் சோழர் என்றால் உயிர்.
கல்லணைக்கு மூன்று பீரியட் எடுப்பேன்.
கல்வெட்டு மைப்படி எடுக்கக் கற்றவள்.
இரண்டாங் கண்ணாற்று மூன்றாஞ் சதிரத்து நிலம்
யாரிடமிருந்து யாருக்குப் போனது,
தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன்.

என் அப்பாவின் பதினாறு மாவில்
சம்பா முற்றும்போது எலி வெட்ட வருவார்கள்.
வளைக்குள் தோள்வரை கைவிட்டு
எலி சேர்த்த நெல்லை முறத்தில் வாரி வைப்பார்கள்.
அப்பா அதில் பாதி கேட்பார்.
எலியிடம் அவர் கேட்டதில்லை.
வந்தவர்களில் ஒருவர் பெயர்கூட
எனக்குத் தெரியாது.

ஜனவரியில் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.
பெருக்கல் குறியை அடித்து ஒன்று போட்டு
பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருந்தேன்,
காசோலையில் திருத்தியது மாதிரி.
தாள் எப்படியோ கைமாறியிருக்கிறது.
முதல் பெஞ்சு கவிநிலவன் எழுந்தான்:
“டீச்சர், கீ ஆன்சர்ல இப்படி இல்லையே.”
இல்லைதான், என்றேன்.
மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
கரும்பலகைப் பக்கம் திரும்பி
எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே மொழியில்
எழுத ஆரம்பித்தேன்:

கீழ்பாற்கெல்லை கடலுக்கு மேற்கும்
வடபாற்கெல்லை கொள்ளிடத்துக்குத் தெற்கும்
மேல்பாற்கெல்லை இறால் பண்ணைக் கம்பிவேலிக்குக் கிழக்கும்
தென்பாற்கெல்லை

“தெற்கே என்ன, தேசிங்கு?”

அவன் எழுந்திருக்கக் கொஞ்ச நேரமானது.
“தெக்க சுரபுன்ன, டீச்சர்.
ஆனா கெழக்க எழுதுனது தப்பு.
பௌர்ணமிக்குக் கடல் எங்க அடுப்புகிட்ட இருக்கும்.
அப்பறம் அதுவே போயிடும்.”
வகுப்பு சிரித்தது. அவனும் கொஞ்சம் சிரித்தான்.
“மேக்கயும் தப்பு.
வேலி வருசா வருசம் எங்க பக்கமா நகருது.
அது திரும்பிப் போறதில்ல.”

டஸ்டர் கேட்டான். கொடுத்தேன்.
சாக்பீஸையும் கொடுத்துவிட்டு
அவன் விட்டுவந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன்.
மூன்றாவது பெஞ்சு.
ஒரு கால் குட்டை, ஆடுகிறது.
அங்கிருந்து பார்த்தால்
பலகையின் இடப்பாதி தெரியவில்லை.
வெயில் அடிக்கிறது.